குழாயின் அளவு வால்வின் அளவு அல்ல

பிழையான அளவில் வால்வு பூட்டி வந்த வினை இந்த வருடத்தில் இது மூன்றாவது. சுன்னாகப் பக்கம் சிறிய குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று. பிஸ்டன் பம்பிக்குப் பக்கத்தில், அமுக்கம் மிஞ்சினால் தானாகத் திறந்து தண்ணீரை வெளியேற்றும் ரிலீப் வால்வு ஓயாமல் தடதடத்து, அதன் மூடி உட்காரும் சீற் வெட்டுண்டு ஒழுகத் தொடங்கியிருக்கிறது. ஒழுக்கை நிறுத்த உரிமையாளர் என்ன செய்தார் தெரியுமா? அதற்குக் கீழே ஒரு கேட் வால்வைப் பூட்டி இறுக்கி மூடிவிட்டார். இரண்டு கிழமை கழித்து யாரோ வெளிக்குழாயை மூடிவிட்டுப் பம்பியை ஓட்ட, எல்போ பிளந்து சுவரில் அடித்தது. அப்போது அறையில் ஒருவரும் இல்லை.

“தம்பி, வால்வில் 20 பார் என்று அடித்திருக்கிறதே. குழாய் ஒன்றரை அங்குலம், வால்வும் ஒன்றரை அங்குலம். இதைவிட என்ன பார்க்க வேண்டும்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஐயா, பார்க்க வேண்டியதை விட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்திருக்கிறீர்கள். 20 பார் என்பது எந்த அமுக்கத்தில் வால்வு திறக்கும் என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு தண்ணீரை வெளியேற்றும் என்று அது சொல்லாது. திருகு மறையின் அளவும் அதைச் சொல்லாது. அதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் துளையின் பரப்பு. இரும்புக்கடையில் ஒரே மறையில், ஒரே பாரில், வெவ்வேறு துளையுள்ள வால்வுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

அவருடைய பம்பி நிமிடத்துக்கு 60 லீற்றர் தள்ளுகிறது. 20 பாரில் திறக்கத் தொடங்கும் வால்வு முழு அளவை வெளியேற்ற, வழமையாக 10 சதவீதம் கூடுதலாக, அதாவது 22 பார் வேண்டும். வெளிவாய் திறந்த வெளியில் இருக்கிறது, ஆகவே எதிர் அமுக்கம் இல்லை. திரவத்துக்கென்று சான்று பெற்ற வால்வுக்கு, ரிலீப் வால்வின் அளவைக் கணிக்கும் அமெரிக்கத் தரநூலான ஏபிஐ 520 தரும் 0.65 என்ற வெளியேற்றக் குணகத்தைப் போட்டால், தேவைப்படும் பரப்பு ஏறத்தாழ 23 சதுர மில்லிமீற்றர். விட்டம் ஐந்தரை மில்லிமீற்றர். ஒரு பென்சில்கூட அதற்குள் நுழையாது. அவர் பூட்டியிருந்த துளையோ இதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்பார்கள். இந்தக் கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் சொல்வது? காற்றும் நீராவியும் அமுக்கம் குறையும்போது விரிந்து இடத்தை நிரப்பும். தண்ணீர் அப்படி விரியாது. பெரிய துளை திறந்ததும் பம்பி கொடுப்பதைவிட அதிகம் வெளியேறி, அமுக்கம் சட்டென்று விழும். ஸ்பிரிங் வால்வை அறைந்து மூடும். அமுக்கம் மீண்டும் பாயும். வால்வு மீண்டும் திறக்கும். ஒரு வினாடிக்குள் பல தடவை. நீங்கள் கேட்ட தடதடப்பு இதுதான். அதனால்தான் காற்று கொம்பிரசர் வால்வைத் தண்ணீருக்குப் பூட்டாதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறேன்.

சிறிதாகப் போனாலும் ஆபத்துத்தான். பிஸ்டன் பம்பி வழி அடைபட்டாலும் தள்ளுவதை நிறுத்தாது. அதன் முழு ஓட்டத்தையும் வால்வு தாங்க வேண்டும். மொட்டை மாடியில் இருபுறமும் மூடப்பட்டு வெயிலில் கிடக்கும் குழாயின் கதை வேறு. அங்கே தண்ணீர் ஒரு பாகை சூடானாலே பல பார் ஏறிவிடும், ஆனால் வெளியேற வேண்டியது சில துளிகள்தான். மிகச் சிறிய வால்வு போதும்.

வால்வுக்கும் பம்பிக்கும் இடையே மூடக்கூடிய எதையும் பூட்டாதீர்கள், கையெடுத்துக் கேட்கிறேன். உள்வழிக் குழாய் குட்டையாக இருக்கட்டும். அதில் இழக்கும் அமுக்கம் திறக்கும் அமுக்கத்தின் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளிவழியை ஒடுக்காதீர்கள். நம் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்திலில் படிகிற அதே வெள்ளைப் படிவு சீற்றிலும் படியும். வருடத்துக்கு ஒரு முறையாவது கழற்றிச் சோதிக்கக் கொடுங்கள்.

கடைக்குப் போகுமுன் பம்பியின் பெயர்த்தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டில் எழுத்து அழிந்திருந்தால் வெளிக்குழாயை முழுதாகத் திறந்து, அளவு தெரிந்த ஒரு பீப்பாய் நிரம்ப எத்தனை வினாடி எடுக்கிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். என்னை அழைப்பதானால் பம்பி நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் தள்ளுகிறது என்ற இலக்கத்தை முதலில் சொல்லுங்கள், குழாயின் அங்குலத்தைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.