ஸ்லைடு நகரும் அந்த ஒன்றரை மில்லிமீட்டர்

பழைய பிஸ்டல் ஒன்று கைக்கு வந்தால், அதில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்த கையோடு எல்லோரும் குழலுக்குள்தான் எட்டிப் பார்ப்பார்கள். துரு இருக்கிறதா, உள்ளே சுழலும் வரிகள் தேய்ந்துவிட்டனவா என்று. பார்க்க வேண்டியதுதான். ஆனால் குழல் பளபளவென்று இருந்தும் சுடத் தகுதியில்லாத பிஸ்டல்கள் ஏராளம். ஏன் என்று புரிய, அது எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும். காலிக் கூட்டை வெளியே எறிவது, அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளுவது எல்லாம் துப்பாக்கியின் வேலை. அதனால்தான் அரைத்தானியங்கி என்கிறோம். கரும்புகை கக்கும் பழைய வெடிமருந்தை வைத்துக்கொண்டு இதைச் செய்வது பெரும்பாடு. நாலு குண்டு சுட்டால் உள்ளே கரி அப்பிக்கொள்ளும். 1884-இல் பிரான்சின் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கிய பிறகுதான் வழி திறந்தது. 1893-இல் போர்ச்சார்ட், 1896-இல் மவுசர், 1900-இல் லூகர் என்று அரைத்தானியங்கி பிஸ்டல்கள் வரிசையாக வந்தன.

இதில் எளிமையான வடிவம் அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கின் சிறிய பாக்கெட் பிஸ்டல்களில் இருக்கிறது. பிஸ்டலின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் கனமான எஃகுத் துண்டுதான் ஸ்லைடு. அங்கே ஸ்லைடைக் குழலோடு பூட்டும் ஏற்பாடே கிடையாது. கனமும் ஸ்பிரிங்கும் மட்டும்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குண்டு 5 கிராம், ஸ்லைடு 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடு 60 மடங்கு கனம், ஆகவே வேகம் 60-இல் ஒரு பங்கு. குண்டு 9 சென்டிமீட்டர் குழலைக் கடந்து வெளியேறும் நேரத்தில் ஸ்லைடு பின்னால் நகர்ந்திருப்பது ஒன்றரை மில்லிமீட்டர். அதற்குள் அழுத்தம் அடங்கிவிடும். பித்தளைக் கூடு கிழியாது. மீதி தூரத்தை ஸ்லைடு வாங்கிய வேகத்திலேயே ஓடி முடிக்கும்.

பெரிய தோட்டாவுக்கு இந்த வித்தை போதாது. அதற்கேற்ற கனத்தில் ஸ்லைடு செய்தால் தூக்கிச் சுடக் கை வலிக்கும். அதனால் குழலும், அதன் பின்வாயை மூடும் அடைப்பும் பூட்டிக்கொண்டே சில மில்லிமீட்டர் பின்னால் போய், அழுத்தம் இறங்கியதும் பிரிகின்றன. லூகரில் இந்தப் பூட்டு மனித முழங்கால் மாதிரி. நேராக நிற்கும் முழங்கால் மொத்த எடையையும் தாங்கும். பின்னாலிருந்து லேசாகத் தட்டினால் மடங்கிவிடும். லூகரில் அந்தத் தட்டைக் கொடுப்பது சட்டகத்தில், அதாவது கைப்பிடியோடு சேர்ந்த நகராத உடலில், உள்ள சரிவு.

சரி, இப்போது தோட்டாவை மாற்றினால் என்ன ஆகும்? மருந்து கொஞ்சம் குறைந்தால் ஸ்லைடு பாதியில் நின்று சிக்கும். அதிகமானால்தான் வம்பு. வேகம் இரட்டிப்பானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. இதில் கொடுமை, ஆபத்தான தோட்டாக்கள் சரியான தோட்டாவைப் போலவே இருப்பதுதான். இத்தாலியின் 1910 கிளிசென்டி பிஸ்டலுக்கான 9 மி.மீ. தோட்டா, உலகெங்கும் கிடைக்கும் 9 மி.மீ. பாராபெல்லத்தின் அளவுதான், ஆனால் மருந்து குறைவு. பாராபெல்லத்தைப் போட்டால் ஒழுங்காக உள்ளே போகும். அந்தப் பிஸ்டலின் சட்டகத்திலோ இடப்பக்கம் முழுவதும் கழற்றக்கூடிய வெறும் தகடு, கூடுதல் அடியைத் தாங்கும் பலம் அதற்கில்லை.

கோல்ட் நிறுவனத்தின் 1900 பிஸ்டலின் கதை இன்னும் மோசம். அதன் ஸ்லைடு பின்பக்கமிருந்து ஏறி உட்காருவது. அதைப் பின்னால் பறக்காமல் பிடித்து நிறுத்துவது முன்பகுதியில் குறுக்கே நுழைக்கும் ஒரு சின்ன ஆப்பு. அதற்கான .38 ஏசிபி தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 26,500 பவுண்டு. அதே வெளியளவில் 1929-இல் வந்த .38 சூப்பருக்கு 36,500. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் சூப்பரை ஏற்றி, ஆப்பும் உடைந்தால், ஸ்லைடு போய் நிற்கும் இடம் சுடுபவரின் முகம்.

சரியான தோட்டாவே என்றாலும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஏறக்குறைய அதே விளைவுதான். ஸ்லைடின் வேகத்தை வழியிலேயே வாங்கிக்கொள்ள வேண்டியது ஸ்பிரிங். அது சோர்ந்தால் மிச்ச வேகத்தோடு ஸ்லைடு சட்டகத்தில் போய் இடிக்கும். ஆயிரக்கணக்கான குண்டுகள் கண்ட பழைய ஸ்பிரிங்கின் நீளம் குறைந்திருக்கும். முதல் உலகப் போர்க் காலத்து கோல்ட் 1911 வகை அமெரிக்க ராணுவ பிஸ்டல்களின் ஸ்லைடுகள் இன்றையவை போல முழுக்கப் பதப்படுத்தப்பட்ட எஃகும் அல்ல. ஆகவே புது ஸ்பிரிங் போடாமல் பழைய பிஸ்டலைச் சுடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. பழையதை உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பாளர்களுக்கு அசல் பாகம் என்றால் உயிர். லூகரில் சின்னச் சின்ன பாகங்களில்கூட வரிசை எண் இருக்கும், எல்லாம் பொருந்தினால்தான் மதிப்பு. அப்படி முழுதாகப் பொருந்திய ஒன்றைச் சுடவே கூடாது என்பேன். ஒரு கொக்கி உடைந்தாலும் மதிப்பு சரிந்துவிடும். எண் கலந்த, மறுபூச்சு கண்ட இன்னொன்றை வாங்கிச் சுடலாமே.

விரிசல் இருக்கிறதா, தோட்டா அறையின் ஆழம் சரியா என்பதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அளந்து சொல்லட்டும். அவர் சரி என்ற பிறகும் மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை, நிரப்பக் கூடாது. முதலில் ஒரே தோட்டா. அப்புறம் இரண்டு. தேய்ந்துபோன விசைப் பூட்டு ஒரே அழுத்தலுக்கு இரண்டையும் சுட்டுவிடலாம். மேகசினில் ஏழு தோட்டா இருந்தால் ஏழும் போகலாம், குழல் மேலேறிக்கொண்டே.

பழைய ராணுவத் தோட்டாவைச் சுட்டிருந்தால் வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்க் குப்பியைத் தேடாதீர்கள். அதன் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியில், இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படிந்திருக்கும். அது உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். எண்ணெயில் கரையாது. சுடுதண்ணீரை ஊற்றிக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, அதன் பிறகு எண்ணெய் பூசலாம்.