வெள்ளை எழுத்து ஏன் மூன்றாம் நாள் ரோஜா நிறமானது?

"சிவப்பு போலோ டி-ஷர்ட்டில் வெள்ளை எழுத்து ஒட்டினோம். ஹீட் பிரஸ்ஸிலிருந்து எடுத்தபோது பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் எழுத்தெல்லாம் ரோஜா நிறம். இன்னும் ஒரு தடவைகூடத் துவைக்கவில்லை. சாயம் எப்படி ஏறியது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அவர் போகிற போக்கில் எழுதிய 'துவைக்கவில்லை' என்பதில்தான் துப்பு இருக்கிறது. தண்ணீரே படாமல் சாயம் இடம் மாறியிருக்கிறது. அப்படியென்றால் அது பாலியெஸ்டர் துணி. பருத்தியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஹீட் பிரஸ் என்பது சூடான தட்டால் அழுத்தி ஒட்டும் இயந்திரம். அது செய்யும் வேலை எளிமையானதுதான். ஒட்டுகிற படத்தின் அடியில், சூட்டில் இளகும் பசை மெல்லிய படலமாக இருக்கும். படத்தை வினைல் என்று பொதுவாகச் சொன்னாலும் இன்று பெரும்பாலும் அது பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக். ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸில் 10, 15 நொடி வைத்து அழுத்தினால் பசை இளகி நூலிழைகளின் இடுக்குகளுக்குள் இறங்கும். ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இளகிய பசை தேன்போலக் கெட்டியானது, தானாக ஓடாது. அதனால்தான் சூட்டோடு அழுத்தமும் வேண்டியிருக்கிறது.

போலோ டி-ஷர்ட்டில் அந்த அழுத்தம்தான் முதலில் காலை வாரும். பிக்கே என்கிற அந்தப் பின்னலைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தேன்கூடுபோல மேடும் பள்ளமுமாக இருக்கும். மேட்டில் பசை நன்றாகப் பிடிக்கும், பள்ளத்தில் பாலம்போலத் தொங்கி நிற்கும். போதாததற்குப் பட்டன் பட்டியும் காலரும் தட்டைத் தூக்கிப் பிடிக்கும். பட்டிப் பகுதி தட்டுக்கு வெளியே தொங்கும்படி விரிப்பதும், சட்டைக்குள் ஒரு ஸ்பான்ஞ் தலையணை வைப்பதும் இதற்காகத்தான். பருத்தி என்றால் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 290 கிலோஜூல் போதும். அதை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும். துணியில் இருக்கும் ஈரம் பசைக்குப் போகவேண்டிய சூட்டைத் தின்றுவிடும். ஒட்டுவதற்கு முன் வெறும் துணியைச் சில நொடி அழுத்தி எடுப்பது அதைத் தவிர்க்கத்தான்.

சரி, சாயத்துக்கு வருவோம்.

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. சூடுபடுத்தினால் எழுந்து ஓடாது. பாலியெஸ்டரில் அப்படிப் பிணைப்புப் போட ஏற்ற இடம் இல்லை. அதற்குப் போடுவது டிஸ்பெர்ஸ் சாயம்: சின்ன மூலக்கூறு, தண்ணீரில் கரையாது, இழையின் பிளாஸ்டிக்கில் கரைந்து கிடக்கும். அது உள்ளே போகும் விதம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காது.

பாலியெஸ்டர் இழைக்குள் நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. சாதாரணச் சூட்டில் அவை அசைவதில்லை. இடையில் எதுவும் நுழைய முடியாது. ஏறக்குறைய 70, 80 டிகிரியைத் தாண்டும்போது சங்கிலிகளின் சிறுசிறு துண்டுகள் நெளிய ஆரம்பிக்கும். இழை உருகுவதில்லை, அதற்கு 250 டிகிரிக்கு மேல் போகவேண்டும். ஆனால் நெளிகிற நெளிவில் நுண்ணிய இடைவெளிகள் தோன்றி மறைகின்றன. கூட்டத்தில் ஒருவர் ஒதுங்கினால் அந்த இடத்தில் இன்னொருவர் காலை வைப்பதுபோல, சாய மூலக்கூறு ஒவ்வொரு இடைவெளியாகத் தாவி உள்ளே போகிறது. ஆறியதும் கதவு சாத்திக்கொள்ளும். சாயம் உள்ளேயே சிக்கிவிடும். சட்டைக்குச் சாயம் ஏற்றுபவர்கள், அழுத்தக் கலனில் 130 டிகிரி வரை சூடேறிய தண்ணீரில் இதைச் செய்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 130 டிகிரியில் உள்ளே போன சாயத்தை 150 டிகிரியில் வைத்து அழுத்துகிறோம். உள்ளே வந்தபோது இருந்ததைவிடக் கதவு அகலமாகத் திறக்கிறது. அதோடு, அந்துருண்டை திரவமாகாமலேயே காற்றில் கரைவது நமக்குத் தெரியும். டிஸ்பெர்ஸ் சாயத்துக்கும் அந்தப் பதங்கமாகும் குணம் உண்டு.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பழைய சிவப்பு பாலியெஸ்டர் போலோவின் மேல் வெள்ளைப் பாலியெஸ்டர் துண்டு ஒன்றும், வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றும் பக்கம்பக்கமாக வைத்து, 190 டிகிரியில் முக்கால் நிமிடம் அழுத்துங்கள். பாலியெஸ்டர் துண்டு ரோஜா நிறத்தில் வெளிவரும். பருத்தியிலும் லேசாக ஒரு சாயல் ஏறியிருக்கும், ஆனால் அது மேலோடு நிற்பது. சோப்புப் போட்டு அலசினால் மங்கிவிடும். பாலியெஸ்டரில் ஏறியது போகாது. சப்ளிமேஷன் பிரிண்டிங் என்பது இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவதுதான். காகிதத்தில் அச்சடித்த சாயம் 200 டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடும். அந்தப் படத்தை விரலால் தடவினால் துணி மட்டும்தான் தட்டுப்படும், மேலே எதுவும் ஒட்டியிருக்காது.

அப்புறம் ஏன் மூன்று நாள் ஆனது? அழுத்தும் நேரத்தில் சிவப்புச் சாயம் இழையிலிருந்து கிளம்பி, எழுத்தின் அடியிலுள்ள பசைக்குள் ஏறிவிட்டது. மேலே இருக்கும் வெள்ளை நிறமி அதை மறைத்துக்கொண்டிருந்தது. பாலியெஸ்டரின் கதவு ஆறியதும் சாத்திக்கொள்ளும் என்றேனே, எழுத்தின் பாலியூரித்தேனுக்கு அது பொருந்தாது. அதிலுள்ள மென்மையான சங்கிலிப் பகுதிகள் அறை வெப்பநிலையிலும் நெளிந்துகொண்டே இருக்கின்றன. எழுத்து விரலுக்கு ரப்பர்போல இழுபடுவதே அதனால்தான். அங்கே கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. சாயம் அவசரப்படாமல் மேலே ஏறி மூன்றாம் நாள் முகத்தைக் காட்டியிருக்கிறது.

'அந்த லாட் துணியே ராசியில்லை' என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வதாகவும் அவர் எழுதியிருந்தார். லாட்டுக்கு லாட் வித்தியாசம் இருப்பது உண்மைதான். அடர்ந்த நிறம் என்றால் உள்ளே சாயம் அதிகம். சின்ன மூலக்கூறுச் சாயம் சீக்கிரம் கிளம்பும், பெரியது தயங்கும். இது துணியோடு வரும் சீட்டில் எழுதியிருக்கவேண்டிய தகவல். எழுதாததால் பழி ராசியின் மேல் விழுகிறது. எல்லோரும் தினமும் உடுத்துகிற பொருளின் வேதியியல் இது. இதற்கு ஆய்வு நிதி இன்னும் தாராளமாக ஒதுக்கவேண்டும், முடிவுகள் பிரஸ் முன்னால் நிற்பவரின் மொழியில் அவர் கைக்கே போய்ச் சேரவேண்டும் என்பது என் ஆசை.

ரோஜா நிறமான எழுத்தை வெள்ளையாக்க வழியில்லை. மீதிச் சட்டைகளுக்கு, 130 டிகிரியிலோ அதற்குக் கீழோ ஒட்டும் படலம் வாங்குங்கள். அடியில் கரும்சாம்பல் நிறத் தடுப்பு அடுக்கு உள்ளதென்றால் இன்னும் நல்லது. அதில் பெரும்பாலும் செறிவூட்டிய கரி இருக்கும். அந்தக் கரியின் ஒரு கிராமுக்குள் 500 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு மடங்கிக் கிடக்கிறது; ஏறி வரும் சாயம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சட்டைகளைச் சூடு ஆறுமுன் அடுக்காதீர்கள், அடுக்கின் நடுவில் சூடு வெகுநேரம் நிற்கும். ஒரே ஒரு சட்டையில் முதலில் ஒட்டி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம் வைத்து, ஒட்டாத படலத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தால் மீதியை ஒட்டலாம்.