ஸ்டிக்கர் இல்லை, மை

"சார், பையன் பழைய ஸ்கேட்போர்டு பலகை ஒன்று வாங்கித் தரச் சொல்கிறான். ஓட்டுவதற்கு இல்லையாம், சுவரில் மாட்டுவதற்காம். சக்கரம்கூட இல்லாத பலகைக்கு இந்த விலையா? அடியில் இருக்கும் ஸ்டிக்கருக்கா இவ்வளவு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

விலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. 2019 ஜனவரியில் சோத்பிஸ் ஏல நிறுவனம் சுப்ரீம் என்ற நிறுவனத்தின் 248 பலகைகள் கொண்ட தொகுப்பை 8 லட்சம் டாலருக்கு விற்றது. அதைக் கேட்டு நானும் உங்களைப்போல் வாயைப் பிளந்தவன்தான். ஆனால் "ஸ்டிக்கர்" என்ற சொல்லைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பழைய பலகைகளில் இருப்பது ஸ்டிக்கர் இல்லை. மை. அதுவும் சாதாரண மை இல்லை.

பலகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேப்பிள் மரத்தை ஏடு ஏடாகச் சீவி, பசை தடவி, பொதுவாக 7 ஏடுகளை அடுக்கி, அச்சில் வைத்து அழுத்துவார்கள். குறுக்கே கொஞ்சம் குழிவு, இரு முனைகளிலும் மேல்நோக்கிய வளைவு. மேற்பக்கத்தில் கால் வழுக்காமல் இருக்க உப்புத்தாள் மாதிரி ஒரு கறுப்புத்தாள் ஒட்டிவிடுவதால், படத்துக்கு மிஞ்சுவது அடிப்பக்கம்தான். ஓட்டுகிறவன் கண்ணுக்கே படாத பக்கம். அதோடு, நன்றாகத் தேய்கிற பக்கமும் அதுவே. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிமேல் பலகையைக் குறுக்காகப் போட்டு வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பி உரசுவது சரியாகப் படத்தின் நடுவில். தினமும் ஓட்டுகிறவனிடம் ஒரு பலகை சில வாரம் தாங்கினால் பெரிது.

1980-களின் கலிஃபோர்னியாவில் இந்தத் தேயப்போகிற பக்கத்துக்குத்தான் ஓவியர்கள் மாய்ந்து மாய்ந்து வரைந்தார்கள். பவல் பெரால்டா என்ற பலகை நிறுவனத்துக்கு வெர்னான் கோர்ட்லாண்ட் ஜான்சன் வரைந்த மண்டையோடுகள், சான்டா குரூஸ் என்ற இன்னொரு நிறுவனத்துக்கு ஜிம் ஃபிலிப்ஸ் 1985-இல் வரைந்த அலறும் நீலக் கை (உள்ளங்கையில் வாய்!) எல்லாம் அப்படி வந்தவை. வாங்கியவர்கள் ஓட்டித் தேய்த்துவிட்டார்கள். ஓட்டாமல் பரணில் கிடந்தவைதான் இன்று விலை பேசப்படுகின்றன.

அவற்றை அச்சடித்தது ஸ்கிரீன் பிரிண்டிங்கில். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அடிக்கிற அதே முறை. சட்டத்தில் மெல்லிய வலைத்துணி. அதன்மேல் ஒளி பட்டால் இறுகும் பூச்சு. படத்தின் ஃபிலிமை வைத்து ஒளி காட்டினால், மறைந்த இடம் மட்டும் இறுகாமல் இருந்து தண்ணீரில் கழுவிக்கொண்டு போய்விடும். அந்தத் திறந்த கண்கள் வழியாக ரப்பர் பட்டையால், அதாவது ஸ்குவீஜியால், மையைத் தள்ளுகிறோம். நிறத்துக்கு ஒரு சட்டம். இதெல்லாம் தெரிந்த கதை.

தெரியாத கதை மையினுடையது. அதனிடம் நாம் கேட்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள். சென்டிமீட்டருக்கு 40 முதல் 120 இழை வரை உள்ள வலையின்மேல் ஊற்றி வைத்தால் ஒழுகக் கூடாது. ஆகவே கெட்டியாக இருக்க வேண்டும். ஸ்குவீஜி வந்ததும் அந்தப் பொடிக் கண்களுக்குள் சட்டென்று இறங்க வேண்டும். ஆகவே நீர்த்திருக்க வேண்டும். இறங்கியபின் மரத்தில் பரவாமல் கோட்டுக்குள் நிற்க வேண்டும். ஆகவே மறுபடியும் கெட்டியாக வேண்டும்! எல்லாம் ஒரு விநாடி, இரண்டு விநாடிக்குள்.

நம் சமையலறையில் இதற்கு உறவுக்காரர் இருக்கிறார், தோசை மாவு. பாத்திரத்தில் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். கல்லில் கரண்டியின் அடியால் தேய்த்தால் வழவழவென்று விரிந்து கொடுக்கும். கரண்டியை எடுத்ததும் அந்த வட்டக் கோடுகள் அப்படியே நிற்கும். (கல்லின் சூடும் அதில் பங்கு வகிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆறிய தட்டில் தேய்த்தாலும் கொஞ்ச நேரம் கோடு நிற்பதைப் பாருங்கள்.)

காரணம் இதுதான். மைக்குள் நிறப்பொடித் துகள்களும் நீண்ட மூலக்கூறு இழைகளும் ஒன்றையொன்று லேசாகப் பிடித்துக்கொண்டு ஒரு தளர்ந்த வலை மாதிரி இருக்கின்றன. சும்மா இருக்கும்போது அந்தப் பிடி போதும், மை ஓடாது. ஸ்குவீஜி தேய்க்கும்போது பிடி அறுகிறது, இழைகள் தேய்க்கும் திசையில் படுத்துக்கொள்கின்றன, மை வழிவிடுகிறது. தேய்ப்பது நின்றதும் துகள்கள் மறுபடி கைகோக்கத் தொடங்குகின்றன. இப்படிக் காலம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குத் திக்ஸோட்ரோபி என்று பெயர். அந்தக் காலம் எவ்வளவு என்பதில்தான் எனக்கு மயக்கமே. வலை விட்டுப்போன மை தனித்தனிப் பொட்டுகளாகத்தான் மரத்தில் இறங்குகிறது. அவை ஒன்றோடொன்று ஓடிக் கலந்து வழவழப்பாவதற்குச் சற்று அவகாசம் வேண்டும். சீக்கிரம் இறுகினால் வலையின் தடம் படத்தில் தங்கிவிடும். தாமதமாக இறுகினால் ஓரம் கசியும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு. நல்ல மை அந்த இடுக்கில்தான் வாழ்கிறது.

இடுக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அக்கா கல்யாணப் பத்திரிகை அடித்த கடைக்காரர், மை சீக்கிரம் ஓடட்டும் என்று தின்னரைத் தாராளமாக ஊற்றிவிட்டார். மாப்பிள்ளை பெயரில் இரண்டு "ண". ஆறு சுழியும் அடைத்துக்கொண்டு பெயரே கறுப்புக் கட்டியாக வந்தது. அப்பா 400 பத்திரிகையிலும் பக்கத்தில் பேனாவால் எழுதினார்.

பத்திரிகையாவது தட்டையான அட்டை. பலகையைக் கவிழ்த்துப் போட்டால் நடுவில் மேடு, இரு முனையும் கீழே சரிவு. இறுக்கி அடித்த தட்டைச் சட்டம் நடுவில் தொடும், முனையில் அந்தரத்தில் நிற்கும். ஆகவே வலை பலகையோடு வளைந்து கொடுக்கும்படி வைக்க வேண்டும். வளைவில் கையின் வேகம் மாறினால் மை நீர்க்கும் அளவும் மாறும், நிறம் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும். இதை நாலைந்து நிறத்துக்கு, ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் செய்ய வேண்டும். சிலவற்றில் அரை மில்லிமீட்டர் பிசகி, கறுப்புக் கோட்டுக்கு வெளியே மஞ்சள் எட்டிப் பார்க்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

திக்ஸோட்ரோபி என்றதும் ஒரு விஷயம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் புனித ஜனுவாரியுஸின் இரத்தம் என்று ஒரு குப்பி இருக்கிறது. உறைந்து கிடப்பது, விழா நாளில் கையிலெடுத்து அசைக்கும்போது இளகும். 1991-இல் மூன்று இத்தாலிய ஆய்வாளர்கள் இரும்புக் குளோரைடு, சுண்ணாம்புக்கல், உப்பு, தண்ணீர் இவற்றைக் கொண்டு அதேபோல் ஒரு பழுப்புக் கூழ் செய்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அசைத்தால் இளகியது, வைத்தால் உறைந்தது. குப்பியைத் திறந்து பார்க்க யாரையும் விடுவதில்லை, ஆகவே உள்ளே இருப்பது இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நானாக இருந்தால் திறந்து பார்த்திருப்பேன். மாவும் கூழும் சேறும் எப்படி ஓடுகின்றன என்று ஆராய ஒருவர் பணம் கேட்டால் சிரிக்காதீர்கள் என்பதும் என் கட்சி. ராக்கெட்டுக்குக் கிடைப்பதில் நூறில் ஒரு பங்கு போதும்.

சரி, பலகைக்கு வருவோம். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான பலகைகளின் படம் வேறு முறையில் வருகிறது. ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமில் எல்லா நிறங்களையும் தலைகீழாக அச்சடித்து, சூடான ரப்பர் உருளையால் பலகைமேல் அழுத்தி, ஃபிலிமை உரித்துவிடுவார்கள். உரித்தபின் நிறமும் பசையும் மரத்தில் தங்கும். ஒரே அழுத்தில் வேலை முடிந்தது. இதை ஸ்டிக்கர் என்று சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன்.

பையன் காட்டும் பலகை எந்த வகை என்று பார்க்க, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். நிறங்கள் பொடிப் பொடிப் புள்ளிகளாகக் கலந்திருந்தால் பெரும்பாலும் ஃபிலிம். ஒவ்வொரு நிறமும் முழுப் பரப்பாக, ஓரத்தில் நகத்தை இழுத்தால் சின்னப் படி தட்டுப்பட்டால் ஸ்கிரீன். ஆனால் மறுபதிப்புகளையும் ஸ்கிரீனில் அடிக்கிறார்கள், அதனால் மையை மட்டும் நம்பாதீர்கள். சக்கரத்தைப் பூட்டும் ஆணி ஓட்டைகளை அளந்து பாருங்கள். 80-களின் பலகையில் நீளவாக்கில் ஓட்டைக்கு ஓட்டை இரண்டரை அங்குலம். 90-களின் தொடக்கத்தில் அது இரண்டேகால் அங்குலத்துக்கும் கீழே சுருங்கிவிட்டது.

வாங்கினால் வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம். அந்தக் காலத்து ஒளிரும் இளஞ்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் பச்சை ஒளியையும் விழுங்கித் தன் நிற வெளிச்சமாகக் கக்குவதால்தான் அப்படிப் பளீரென்று இருக்கிறது. விழுங்கி விழுங்கியே அந்தச் சாய மூலக்கூறு உடைந்தும் போகிறது. அப்புறம், பையன் ரகசியமாகச் சக்கரம் மாட்டும் யோசனையில் இருக்கிறானா என்றும் கேட்டுவிடுங்கள். அப்படியானால் புதுப் பலகையே போதும். இரண்டாவது வாரத்தில் படத்தின் நடுவே குறுக்காக ஒரு பட்டை மேப்பிள் தெரியும்.