ரோட்டா வைரஸ்: குழந்தையின் குடலில் நடப்பது என்ன?

எட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், "பல் முளைக்கிறது, அதனால்தான் பேதியாகிறது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவர்கள் கவனித்தது பொய்யல்ல. ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயது வரை பற்கள் முளைக்கின்றன. அதே காலத்தில்தான் குழந்தை தவழத் தொடங்கி, கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றலும் அப்போது குறைந்துகொண்டே வருகிறது. பல்லும் பேதியும் ஒரே பருவத்தில் வருகின்றனவே தவிர, ஒன்றால் மற்றொன்று வருவதில்லை. பேதிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கிருமி இருக்கிறது. தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு, கடுமையான நீரிழப்போடு மருத்துவமனைக்குத் தூக்கி வரப்பட்ட குழந்தைகளிடம் மிக அதிகமாகக் காணப்பட்ட கிருமி ரோட்டா வைரஸ்.

1973ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும், வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட குழந்தைகளின் குடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது இந்த வைரஸைக் கண்டார்கள். ஆரக்கால்கள் வைத்த சிறு சக்கரம் போன்ற தோற்றம் அதற்கு. லத்தீனில் 'ரோட்டா' என்றால் சக்கரம். பெயர் அங்கிருந்து வந்தது.

நோயுற்ற குழந்தையின் மலத்தில் ஒரு கிராமுக்குப் பல நூறு கோடி வைரஸ்கள் இருக்கக்கூடும். புதிதாக ஒரு குழந்தைக்குத் தொற்றுவதற்கோ நூறுக்கும் குறைவானவையே போதும். தூய்மையான வீடுகளிலும் வசதியான நாடுகளிலும்கூட இது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஐந்து வயதுக்குள் ஒருமுறையாவது தொட்டுவிடுகிறது. ஆகவே, தன் கவனக்குறைவால்தான் பிள்ளைக்கு நோய் வந்தது என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் அல்ல. பூத்துவாலையின் நூல் முடிச்சுகளைப் போல இலட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் அதில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நுனியில் இருக்கும் முதிர்ந்த செல்களே உணவின் சத்தையும் நீரையும் உறிஞ்சுகின்றன. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் அவற்றில்தான் இருக்கிறது. ரோட்டா வைரஸ் குறிவைப்பது இந்த நுனிச் செல்களைத்தான். உள்ளே நுழைந்து, பெருகி, அவற்றை அழிக்கும்போது உறிஞ்சும் பரப்பு சுருங்குகிறது. செரிக்கப்படாத சர்க்கரை குடலிலேயே தங்கி நீரைத் தன்பால் இழுக்கிறது. இது பாதிக் கதைதான். இந்த வைரஸ் உண்டாக்கும் ஒரு புரதம் நச்சாகவும் செயல்பட்டு, இன்னும் சிதையாத செல்களையும் குளோரைடு உப்பை வெளியே கொட்டச் செய்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. குடலின் நரம்புகளும் தூண்டப்பட்டு, மூளையின் வாந்தி மையத்துக்குச் செய்தி போகிறது. பேதி தொடங்கும் முன்பே வாந்தி வருவது இதனால்தான்.

வைரஸின்மீது ஆன்டிபயாடிக் மருந்து வேலை செய்யாது. ஆனால் குடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். குடலுறிஞ்சிகளின் அடிவாரத்தில் இடைவிடாமல் பிறக்கும் புதிய செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் நுனிக்கு ஏறி வந்து, அழிந்தவற்றின் இடத்தை நிரப்புகின்றன. அந்த நாட்களைக் குழந்தை கடப்பதற்கு வேண்டியது நீரும் உப்பும்தான். இந்த நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வைரஸ் அல்ல, நீரிழப்பு.

உறிஞ்சும் பரப்பே சிதைந்திருக்கும்போது, குடிக்கக் கொடுப்பதெல்லாம் பேதியாகவே போய்விடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குடல் முழுவதும் ஒரே நேரத்தில் அழிவதில்லை. எஞ்சிய செல்களின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றை, இரண்டு சோடியம் அயனிகள் உடன் வந்தால் மட்டுமே உள்ளே சேர்க்கும். அவை இரண்டும் நுழைந்ததும் நீரும் பின்தொடர்கிறது. வெறும் தண்ணீரில் இந்த இணை இல்லை. குளிர்பானத்திலும் பெட்டிப் பழரசத்திலும் சர்க்கரை மிகுதி, உப்போ சொற்பம். மிகுதியான சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கான பொடியில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சம அளவில் இருப்பது இதற்காகவே. ஒரு லிட்டருக்கான பொடியை ஒரு தம்ளர் நீரில் கரைத்தால் அந்தக் கணக்கு குலைந்து, மருந்தே தீங்காகிவிடும். கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

இக்கரைசல் பேதியை உடனே நிறுத்தாது. இதை அறியாமல், "கொடுத்தும் நிற்கவில்லை" என்று பாதியில் கைவிடுகிறவர்கள் பலர். வெளியேறியதை ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் ஒவ்வொரு கரண்டியாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. உச்சிக்குழி பள்ளமாவது, அழுதும் கண்ணீர் வராதது, பல மணி நேரம் சிறுநீர் கழியாதது, குழந்தை துவண்டு கிடப்பது, குடிக்க மறுப்பது ஆகியவை தெரிந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். உச்சிக்குழி விழுந்துவிட்டதென்று உரம் எடுப்பவரிடம் தூக்கிச் செல்லும் நேரத்தில் குழந்தை இன்னும் நீரை இழக்கிறது. அந்தப் பள்ளமே நீர் வற்றியதன் அடையாளம்.

இந்தக் கரைசலின் வலிமையை 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின் அகதி முகாமில், காலராவுக்கு நடுவே உலகம் கண்டது. மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் முகாமில் நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் நீரில் கரைத்து உறவினர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் செய்தார். ஏறக்குறைய 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

ஒருமுறை வந்துபோனால் மறுபடி வராதா? வேலூரில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு இதற்கு விடை தந்தது. மெக்சிகோவில் நடந்த முந்தைய ஆய்வில் இரண்டு தொற்றுகளே கடுமையான நோயை முழுமையாகத் தடுத்திருந்தன. வேலூரில் மூன்று தொற்றுகளுக்குப் பிறகும் அந்தக் காப்பு 79 விழுக்காடுதான். நம் சூழலில் குழந்தைகள் மிக இளம் வயதிலேயே, திரும்பத் திரும்பத் தொற்றுக்கு ஆளாகிறார்கள். இயற்கைத் தொற்றே முழுக் காப்பு தராத இடத்தில் தடுப்பு மருந்தும் முழுக் காப்பு தராது என்பது வியப்பல்ல. டெல்லியில் நோய்க்குறி ஏதுமின்றி இருந்த பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த வைரஸ் வகையிலிருந்து உருவான ரோட்டாவேக் என்ற தடுப்பு மருந்து, முதல் ஆண்டில் கடுமையான நோயைச் சுமார் 56 விழுக்காடு குறைத்தது. பாதிக்கும் மேற்பட்ட கடும் நோயைத் தடுப்பது, ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் மிகப் பெரிய காப்பு. 2016இல் சில மாநிலங்களிலும் 2017இல் தமிழ்நாட்டிலும் ரோட்டா சொட்டு மருந்து அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. முதல் தொற்று முந்திக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் அது புகட்டப்படுகிறது.