பாஸ்டரம்மாவுக்கும் சீனி குறையும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். பகல் பன்னிரண்டரை இருக்கும். முன்வரிசையில் முழங்காலில் நின்ற பாஸ்டரம்மாவுக்கு, போதகரின் மனைவிக்கு, கை நடுங்கியது, சேலை நனையும்படி வியர்த்தது, வாய் குழறியது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று எண்ணிய சபையார் இன்னும் உரக்கப் பாடினார்கள். சீனி வருத்தக்காரத் தாயைப் பராமரித்துப் பழகிய ஒரு பெண்பிள்ளை பின்வரிசையில் இருந்தது நல்லதாயிற்று. நினைவு தப்புவதற்கு முன் அவள் ஓடிப்போய்ச் சீனி கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து பருக்கினாள்.

மூன்று நாள் கழித்து என் கிளினிக்கில் உட்கார்ந்து பாஸ்டரம்மா இதைச் சிரித்தபடி சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிழை என்னுடையது. (அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். ஆளை இனங்காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எட்டு வருடமாக அவருக்குச் சீனி வருத்தம். மெட்போமினும் கிளிக்கிளசைட்டும் எடுக்கிறார். "மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது" என்று ஒவ்வொரு முறையும் நான் சொல்லி அனுப்புவேன். சொல் தவறாத மனுஷி. சாப்பாட்டை விட்டார், மருந்தை விடவில்லை. நோன்பு தொடங்குமுன் முஸ்லிம் நோயாளிகளை அழைத்து மருந்து நேரத்தை மாற்றிக் கொடுப்பது என் வழக்கம். கந்தசஷ்டி பிடிக்கிறவர்களிடமும் கேட்பேன், நானும் பிடிக்கிறவள்தான். பாஸ்டரம்மாவிடம் மட்டும் எட்டு வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மெட்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி இப்படிச் சட்டென்று இறங்குவது அரிது. கிளிக்கிளசைட் வகை அப்படியல்ல. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் எல்லாம் வரலாம். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். உபவாசம் இருக்க விரும்பும் சீனி வருத்தக்காரர் ஒரு கிழமைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். சிலரிடம் "உங்களுக்கு வேண்டாம்" என்றே சொல்லவேண்டி வரும்.

கொட்டாஞ்சேனையில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இவர் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வருகிறார். ஒருமுறை காரணம் கேட்டேன். அவருடைய தெருப் பார்மசியில் நிற்கும் பையன் சபையின் பாடகர் குழுவில் இருக்கிறானாம். இரத்தம் எடுக்கும் பிள்ளை வாலிபர் கூட்டத்துக்கு வருகிறவள். "ஒருமுறை அங்கே சீனி சோதித்தேன், டொக்டர். ஞாயிறு ஆராதனை முடிந்து படி இறங்குவதற்குள் ஐந்து பேர் பாவற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், போதகர் வீட்டிலேயே வியாதியா என்று கேட்டார்."

அந்த ஒருவரின் கேள்விதான் அவரை இரண்டு பஸ் ஏற வைக்கிறது. கைப்பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருப்பார். யாருக்கு என்ன வருத்தம், யாருடைய மகனுக்கு விசா கிடைக்கவில்லை, யார் வீட்டில் அடி உதை எல்லாம் ஜெபக் குறிப்புகளாக அதில் இருக்கும். எனக்குக் காட்டவில்லை, காட்டவும் மாட்டார். "உங்களுடையது இதில் இருக்கிறதா, அக்கா?" என்று மட்டும் கேட்டேன். கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, பிரஷர் பார்க்கக் கையை நீட்டினார்.

திருமணத்துக்கு முன் அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். திருமணத்துக்காக வேலையை விடும் பெண் தன் ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ள நம் நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. இவரும் எடுத்தார். அந்தப் பணத்தில் வாங்கிய ஒலிபெருக்கி இன்றும் சபையில் முழங்குகிறது. இப்போது அவர் பெயரில் சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. குடியிருக்கும் கீழ்த்தளமும் சபை வாடகை கட்டும் இடம். கணவருக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கே போவது என்ற நினைப்பு இரவில் வரும் என்றார். இதை வைத்தியர் ஏன் எழுதவேண்டும் என்று கேட்கலாம். தூக்கம் வராததற்குக் காரணம் கேட்டபோது அவர் முதலில் சொன்னதே இதுதான்.

இரண்டாவதாகச் சொன்னது 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது அந்தச் சத்தம் இவர்களுடைய ஆராதனைக்கும் கேட்டது. அதற்குப் பின் வந்த நாட்களில் துக்க வீடு துக்க வீடாகப் போய், மற்றவர்களின் தாய்மாரைக் கட்டிப்பிடித்து அழ வைத்திருக்கிறார். தான் எங்கே அழுதார் என்று நினைவில்லை. இன்றும் ஆராதனையில் யாராவது பெரிய பையோடு நுழைந்தால் பாட்டு அவருடைய நாவில் நின்றுவிடுகிறதாம்.

உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத உடம்பு நோவு இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தைரொயிட் குறைந்தாலும், மாதவிடாய் நிற்கும் வயதிலும் இதே சாயல் வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்தோம். தைரொயிட் சரியாக இருந்தது. மனநல வைத்தியர் என்றதும், "அங்கொடைக்கா?" என்றார். கொழும்புத் தமிழருக்கு அந்த ஊர்ப்பெயர் இன்னும் வசைச்சொல்தான். தேசிய மனநல நிறுவனம் அங்கே இருக்கிறது என்பதைத் தவிர அந்த ஊர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அதே நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். நடு இரவிலும் பேசலாம், சபையில் யாருக்கும் தெரியவராது.

"ஜெபித்தால் போகாததா என்று கேட்பார்கள், டொக்டர்."

வேதத்தில் அவரோடு வாதாட நான் யார்? ஞாயிறு பாடசாலையில் என்ன கதை சொல்லிக் கொடுப்பீர்கள் என்று பேச்சை மாற்றினேன். எலியா தீர்க்கதரிசி, என்றார். செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவனைத் தூதன் எழுப்பிச் சாப்பிடச் சொன்ன கதை. சொல்லி முடித்தவர் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முதலில் அடையும் தண்ணீரும்தான் கொடுத்தான்" என்றார். நான் மருந்துத் துண்டை எழுதத் தொடங்கினேன்.

சபையாருக்கு ஒன்று சொல்லவேண்டும். உங்கள் பாஸ்டரம்மா ஒரு ஞாயிறு வராவிட்டால் காரணம் விசாரிக்காதீர்கள், இடியப்பப் பார்சலைக் கதவடியில் வைத்துவிட்டுப் போங்கள். போதகர்மாரே, மனைவியின் கிளினிக் திகதி உங்களுக்குத் தெரியுமா? 35 வயதைக் கடந்த பெண்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் இலவசமாக நடக்கிறது. சீனி, பிரஷர், மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சபைப் பெண்களை அங்கே அனுப்பி வைக்கும் பாஸ்டரம்மாக்களை எனக்குத் தெரியும். தாங்களும் போன பாஸ்டரம்மாக்களை விரல்விட்டு எண்ணலாம்.

போன கிழமை வந்திருந்தார். கிளிக்கிளசைட்டை நிறுத்தி வேறு மருந்து கொடுத்திருக்கிறேன், காலைச் சீனி 118. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கஞ்சி குடித்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறாராம். அடுத்த திகதியைத் திங்கட்கிழமையாகப் போடச் சொன்னார். திங்கள் போதகருக்கு ஓய்வு நாள், தனக்கு உடுப்புத் தோய்க்கும் நாள் என்று முன்பு சொன்னது எனக்கு நினைவிருந்தது.

"அப்போ தோய்க்கிறது யார்?" என்றேன்.

"அவர் வீட்டில்தானே இருப்பார்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.