ரெண்டா வெச்சிடுங்க மேடம்

"ரெண்டா வெச்சிடுங்க மேடம், ஒரே செலவுல முடிஞ்சிடும்." ஐ.வி.எஃப். (டெஸ்ட் டியூப் பேபி) சிகிச்சையில், லேபில் உருவாக்கிய கருவைக் கருப்பைக்குள் வைக்கும் நாளில் இதை அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நகையை அடகு வைத்து வந்தவர்கள்; இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. இந்தத் தடவை தவறினால் அடுத்ததற்குப் பணத்துக்கு எங்கே போவது என்ற பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது.

கணக்கு ஆனால் வேறு. ஒற்றைக் குழந்தை வயிற்றில் 39, 40 வாரம் இருக்கும். இரட்டை என்றால் சராசரியாக 35, 36 வாரம். மூன்று என்றால் 32 வாரத்தை ஒட்டிப் பிரசவம். குறைமாதத்தில் பிறந்தவை என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) கிடக்கும் நாட்களுக்கான பில், மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையைச் சாப்பிட்டுவிடும். அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு வேறு கூடுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வேறிடத்தில் சிகிச்சை எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். எட்டாவது வாரம், ஸ்கேனில் மூன்று இதயத்துடிப்பு. குள்ளமான, ரத்த அழுத்தம் உள்ள பெண். கருக்குறைப்பு பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது வாரத்தை ஒட்டி, வயிற்றின் வழியே ஊசி செலுத்தி ஒரு கருவின் இதயத்தில் பொட்டாசியம் குளோரைடு போடுவார்கள். மற்ற இரண்டும் சேர்ந்து கலைந்துவிடும் அபாயமும் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எதை எடுப்பீங்க?" என்றார். ஊசி எட்டும் இடத்தில் இருப்பதை, வளர்ச்சி குறைந்ததை என்றேன். (ஆணா பெண்ணா பார்த்து எடுப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேட்டவர்களும் உண்டு.) குறைத்துக்கொண்டார். ஒன்று தானாகவே கலைந்துவிட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பிறந்த இரண்டும் நன்றாக இருக்கின்றன.

அந்த மூன்றும் ஐ.வி.எஃப்.பில் வந்தவையே அல்ல. முட்டை வளர்க்கும் ஊசி போட்டு, ஐந்து முட்டை வளர்ந்திருப்பதை ஸ்கேனில் பார்த்த பிறகும் ஐ.யூ.ஐ. (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்திருக்கிறார்கள். அந்த மாதத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வது கஷ்டம்தான், ஊசிக்குச் செலவழித்த பணம் போகும், வந்தவர் வேறு கிளினிக்குக்கும் போவார். பன்னிரண்டாம் வாரத்தில் அந்தப் பெண் தலையில் விழுந்த முடிவு, ஒரு டாக்டர் எடுக்கத் தவறிய முடிவு.

2009இல் கலிபோர்னியாவில் ஒரே பிரசவத்தில் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. பன்னிரண்டு கருக்களை வைத்த டாக்டரின் உரிமம் 2011இல் பறிபோனது. அதைப் பார்த்து முகம் சுளிப்பது சுலபம். ஸ்வீடன் 2003லேயே ஒரு கருதான் வழக்கம் என்று விதி வகுத்தது. அங்கே அரசு பல தடவைக்குச் செலவை ஏற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் ஐ.வி.எஃப். பிரசவங்களில் இரட்டை, மும்மைகள் 1990களில் 28 சதவீதம் அளவில் இருந்தன. 2019இல் 6 சதவீதம். வெற்றி விகிதம் அதனால் சரியவில்லை. நம் நாட்டிலும் வாடகைத்தாய் விதிகள் (2022) ஒரு கரு, விசேஷ சூழலில் மட்டும் மூன்றுவரை என்கின்றன.

நாற்பதை நெருங்கியவருக்கு, பலமுறை தோற்றவருக்கு நானும் இரண்டு வைத்திருக்கிறேன். மற்றவர்களிடம் முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் எழுதிக் காட்டுகிறேன்: மீதிக் கருவை உறையவைத்து அடுத்த முறை வைக்க எவ்வளவு ஆகும் என்று. முட்டை வளர்க்கும் ஊசியும் முட்டை எடுப்பதும் மறுபடி வேண்டாம் என்பதால் அது முதல் செலவில் ஒரு பங்குதான். டேபிளில் படுத்த பிறகு கேட்டால் மட்டும் எண்ணிக்கையை மாற்ற மாட்டேன்.