தமவோய் ‘வீட்டுப் பேய்’ அல்ல

ரஷ்ய நாட்டார் கதைகளை அடியொற்றிய மிகைபுனைவு நாவல்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது திரும்பத் திரும்ப ‘வீட்டுப் பேய்’ என்றே போடுகிறார்கள். அவர்கள் சொல்ல வருவது, ரஷ்ய நாட்டார் நம்பிக்கையில் வீட்டுக்குள்ளேயே இருந்து வீட்டைக் காக்கும் தமவோயை.

சொல்லின் பிறப்பு எளியது. ரஷ்யத்தில் ‘தோம்’ என்றால் வீடு. தமவோய் என்றால் வீட்டுக்குரியவன். வடமொழித் ‘தம்பதி’யின் முற்பகுதிக்கும் இதே வேர்தான். ‘டொமொவாய்’ என்பது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதிய பிழை. ரஷ்ய ஒலி நம் தகரமே. அழுத்தம் விழாத ஒகரம் அகரமாகத் தேயும். தஸ்தயேவ்ஸ்கி என்று சரியாக எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல.

இனி பேய். தமிழில் அந்தச் சொல் வந்தாலே அகாலச் சாவு, பிடித்தல், ஓட்டுதல் எல்லாம் கூடவே வந்துவிடும். தம் வீட்டுத் தமவோயைப் பொதுவாக ஓட்டுவதில்லை. குடிபெயரும்போது பழைய அடுப்பின் தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு, “தாத்தா, எங்களோடு வாருங்கள்” என்று அழைத்துப் போவார்கள். கணப்படுப்பருகே ரொட்டியும் கஞ்சியும் வைப்பார்கள். பிடித்த குதிரையின் பிடரிமயிரை அவர் பின்னிவிடுவார். பிடிக்காத நிறத்துக் கால்நடை இளைத்துப்போகும். இரவில் தூங்குகிறவரின் நெஞ்சை அவர் அழுத்தினால் “நல்லதுக்கா, கெட்டதுக்கா?” என்று கேட்க வேண்டும். மயிரடர்ந்த கை பட்டால் நன்மை, சில்லென்ற வெறுங்கை பட்டால் கேடு.

இந்த வகை நாவல்களில் அடிக்கடி வரும் முடிச்சையே ‘பேய்’ அவிழ்த்துக் கொட்டிவிடுகிறது. ஊருக்குப் புதிதாக வரும் பாதிரியார் படையலைத் தடுக்கிறார், தமவோய் மெலிகிறார், வீட்டின் காவல் போகிறது. கதைசொல்லியே ‘பேய்’ என்று எழுதினால் முதல் பக்கத்திலேயே பாதிரியார் பக்கம் நியாயம் போய்விடும். அந்தச் சொல்லைப் பாதிரியார் வாயில் மட்டும் வையுங்கள். அங்கே அதற்கு முழு வலு உண்டு.

‘குட்டிச்சாத்தான்’ இன்னும் மோசம். அது மந்திரவாதிக்கு ஏவல் செய்வது. தமவோயையோ ‘எஜமான்’ என்றே குறிப்பிடுவார்கள். ‘குலதெய்வம்’ குலத்தோடு வருவது, கோயில் உடையது. ‘வீட்டுத் தெய்வம்’ ஓரளவு நெருங்குகிறது. ஆனால் ரஷ்யக் குடியானவர் வீட்டில் தெய்வத்துக்குத் தனி மூலை உண்டு: திருவுருவப் படங்கள் இருக்கும் மூலை, அடுப்புக்குக் குறுக்கே எதிர்மூலையில். இரண்டையும் தெய்வம் என்றால் அந்த மூலைக்கும் அடுப்படித் தமவோய்க்கும் உள்ள இழுபறி தெரியாமல் போகும்.

அகநானூற்றில் ‘இல்லுறை கடவுள்’ வருகிறது, பலி பெறுவதாகவே. அதிலிருந்து கடவுளை நீக்கி ‘இல்லுறைவோன்’ என்று கொள்ளலாம். முதல் முறை ‘தமவோய் என்னும் இல்லுறைவோன்’, பிறகு தமவோய் மட்டும் போதும்.

மொழிபெயர்ப்பாளர்கள் பொருளின் உருவத்தையும் பார்ப்பதில்லை. ‘பாட்டி அடுப்பின் மேல் படுத்திருந்தாள்’ என்று எழுதுகிறார்கள். நம் அடுப்பை நினைக்கும் வாசகர் பதறுவார். அது அறையின் கால்வாசியை அடைத்து நிற்கும் செங்கல் கட்டுமானம். மேலே படுக்கும் தளம் உண்டு, தமவோய் இருப்பது அதன் பின்னாலோ அடியிலோ. ‘கணப்படுப்பு’ என்று எழுதி, மேல்தளத்தையும் ஒரு சொல்லில் காட்டிவிடலாம்.

உரையாடலில் பெயரே வேண்டாம். வீட்டார் பெயர் சொல்லி அழைப்பதைத் தவிர்த்து ‘தேதுஷ்கா’ என்பார்கள். தமிழில் ‘தாத்தா’, மரியாதைப் பன்மையோடு.